பொன்முடியில் குடியிருப்போர்: மலைத்தோட்ட ஊரும் தமிழ்ப் புனைகதையும்

பொன்முடி என்றதும் தமிழ் பயின்றார் நெஞ்சில் முதலில் தோன்றுபவன் ஒரு காப்பிய நாயகன். பாவேந்தர் பாரதிதாசனாரின் ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் காவியத்தின் தலைவன் அவன். எல்லிஸ் ஆர். டங்கனின் இயக்கத்தில் 1950ஆம் ஆண்டில் அக்கதை திரைப்படமாக வந்தபோது, நாயகன் பெயரே படத்தின் பெயருமாயிற்று. பொருளீட்டும் பொருட்டு வடபுலம் சென்ற வணிகன் மகன் அவன். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ பொன்முடி ஒரு மலை. நெடுமங்காடு, விதுரை, கல்லாறு வழியாக ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் சென்று, இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளில் ஏறினால், கடல்மட்டத்திற்கு மேல் 1,100 மீட்டர் உயரத்தில் நம்மை வரவேற்கும் குளிர்ந்த இடம். விருந்தினர் வந்தால் அழைத்துச் சென்று காட்டுகிறோம். படம் எடுத்துக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடுகிறோம்.

அம்மலையில் குடியிருப்போர் யாவர்? எங்கிருந்து வந்தனர்? எத்தனை வகையினர்? எவர் எவரோடு எவ்வகையில் கூடி ஓர் ஊராயினர்? இவ்வினாக்களை இலக்கியத்தின்பால் எழுப்பி, தமிழ்ப் புனைகதை இவற்றுக்கு எந்த அளவு விடை தந்துள்ளது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணும் எழுத்தும்

ஊர் ஒன்றின் மக்களை எண்ணி எழுதும் வேலை இரண்டு வகையாரால் நடைபெறுகிறது. ஒருவர் கணக்கர், மற்றவர் கதைஞர். திருவிதாங்கூரில் கணக்கரின் பணி பழமையானது. தமிழரான வி. நாகமையா 1891ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தி அறிக்கை எழுதினார். 1906ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசின் பெருங்கையேட்டையும் தொகுத்தளித்தார். தமிழகத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைத் தத்தம் ஊர்களுக்கு அனுப்பி, வீடு, நிலம், கடன், கூலி யாவற்றையும் குறித்துவரச் செய்து, 1918ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். பிற்காலத்தில் ஆந்திரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி, அதற்கு ஸ்ரீபுரம் என்று மாற்றுப்பெயரிட்டு, 1965ஆம் ஆண்டில் சிறந்த ஆய்வு நூலொன்றை அளித்தார். அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என மூன்றாகப் பிரிந்து நின்ற ஊரின் சாதியும் நிலவுடைமையும் அதிகாரமும் ஒன்றுக்கொன்று எவ்வாறு பொருந்தியும் விலகியும் வந்தன என்பதை அந்நூல் காட்டுகிறது.

தமிழ்ச் சிற்றூர் என்றால் நம் கண்முன் வருவது இந்த மூன்று தெரு ஊரே. கோயில், குளம், வயல், களம் இவற்றைச் சூழ்ந்த ஊர் அது. மலைத்தோட்டத்து ஊருக்கு இந்த இலக்கணம் பொருந்துமா? அங்கே கோயிலுக்கு முன்பே தொழிற்சாலை வந்துவிட்டது. வயல் இல்லை, குடியிருப்போர்க்குச் சொந்தமாக ஒரு சாண் நிலமும் இல்லை. ஆயினும் மூன்று தெரு மறையவில்லை, உருமாறி நின்றது. உச்சியில் துரையின் பங்களா. இடையில் கணக்குப்பிள்ளை முதலிய ஊழியர் வீடுகள். சரிவில் தொழிலாளர் லயங்கள். வேலை நின்றால் லயத்து வீடும் போய்விடும் என்பது இவ்வூரின் தனி விதி. கீழே சாதியும் நிலமும் செய்த வேலையை மேலே பதவியும் வீடும் செய்தன. கங்காணி தன் ஊர், தன் உறவு, தான் அறிந்த குடிகள் என்று ஆள் சேர்த்தமையால், சமவெளியின் சாதி வரிசையும் மூட்டையோடு மூட்டையாக மலையேறிற்று.

உலகில் மிக அதிகமாக எண்ணப்பட்ட ஊர் மலைத்தோட்ட ஊரே எனலாம். சமவெளியில் பத்தாண்டுக்கு ஒருமுறை தலை எண்ணுவர். தோட்டத்திலோ நாள்தோறும் விடியற்காலைப் பெரட்டில் எண்ணினர். இலங்கைத் தோட்டங்களில், வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குக் காசு உண்டு. அதற்குத் தலைக்காசு என்றே பெயர். மாலையில் பறித்த கொழுந்தின் எடையும் ஏட்டில் ஏறும். இவ்வாறு நாளும் எண்ணப்பட்ட மக்கள் நம் எழுத்தில் எந்த அளவு இடம்பெற்றனர் என்பதே வினா.

கருப்பொருள் மாறிய குறிஞ்சி

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்று பள்ளிப்பருவம் முதல் பயின்றுள்ளோம். தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றை வகுத்தார். நிலமும் மக்களும் பிரியாதவை என்ற எண்ணம் அவ்வகுப்பின் அடியில் உள்ளது. மலையில் வாழ்பவர் மலைக்கே உரியவர்; அவர்தம் தொழிலும் தெய்வமும் அங்கேயே முளைத்தவை.

பொன்முடி வட்டாரத்தில் அவ்வாறு மலைக்கே உரியவர் காணிமக்கள். அகத்தியமலைத் தொடரின் இருபுறத்திலும், கேரளத்திலும் தமிழகத்திலுமாக, அவர்கள் வாழ்கின்றனர். அவர்தம் பேச்சு தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கியது. ஊர்த்தலைவருக்கு மூட்டுக்காணி என்று பெயர். 1987ஆம் ஆண்டில் காட்டாய்வுக்குச் சென்ற அறிஞர்கள் களைத்து நின்றபோது, உடன் வந்த காணிமக்கள் களைப்பின்றி நடந்ததற்குக் காரணமான ஒரு செடியை அவர்களிடமிருந்தே அறிந்துகொண்டனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்து, பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனத்தார் ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கினர். அதன் வருவாயில் காணிமக்களுக்கும் பங்கு அளிக்கப்பெற்றமை உலக அளவில் பேசப்பட்டது.

இக்குறிஞ்சியில்தான் ஆங்கிலேயத் தோட்டக்காரர் தேயிலையை நட்டனர். பொன்முடியைச் சூழ்ந்து மெர்ச்சிஸ்டன், போனக்காடு முதலிய தோட்டங்கள் எழுந்தன. பெயரே சொல்கிறது: முன்னது ஸ்காட்லாந்திலிருந்து வந்த பெயர். கருப்பொருள் முழுவதும் மாறிற்று. மரம் அயல்மரம், தொழில் அயல்தொழில், பறை நின்று பெரட்டுச் சங்கு ஒலித்தது. மக்களும் பிற இடங்களிலிருந்து வந்தவரே. தமிழகத்து மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள், சமவெளியிலிருந்து ஏறிய மலையாளிகள், எழுத்தர், மேற்பார்வையாளர், காட்டிலாகாவினர், பின்னாளில் சுற்றுலாவை நம்பிய கடைக்காரரும் வண்டியோட்டிகளும் எனப் பல அடுக்கு மக்கள் அங்குச் சேர்ந்தனர். எனவே குறிஞ்சியின் பழைய இலக்கணத்தைக் கொண்டு இவ்வூரை எழுத முற்படும் கதைஞர் மலையை எழுதுவார், மக்களை எழுதார். நம் பயணக் கட்டுரைகள் பலவற்றின் குறை இதுவே. அவற்றில் மூடுபனி உண்டு, வரையாடு உண்டு. கொழுந்துக் கூடை சுமந்தவள் ஓர் அழகிய காட்சியாக மட்டும் உண்டு. அவளுக்குப் பெயர் இல்லை, ஊரும் இல்லை.

மலையேறிய கதைகள்

தமிழ்ப் புனைகதை மலைத்தோட்டத்தை மறந்தது என்று கூறுதல் பிழை. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1930களிலேயே அந்த வாசலைத் திறந்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியிலிருந்து மருதி என்னும் பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டம் சேர்கிறாள். அவளை மலைக்குத் தள்ளியது வறுமை மட்டும் அன்று. ஊரின் அதிகாரமும்தான் என்பதைப் புதுமைப்பித்தன் தெளிவாகக் காட்டுகிறார். ஊரின் சமூக அமைப்பை முதலில் வரைந்து, அதன் நிழல் தோட்டத்தின்மேல் எவ்வாறு விழுகிறது என்று பின்னர் வரைந்தமையே இக்கதையின் பெருமை. மருதியின் மகள் வெள்ளைச்சி தோட்டத்தில் வளர்ந்து ஆளாகிறாள். அவளுக்கு வாசவன்பட்டி தாயின் ஊர். தன் ஊர் எது? கதையின் வேகம் துன்பத்தை நோக்கியே செல்வதால் இவ்வினா அதில் விரியவில்லை. ஆயினும் விதை அங்கே விழுந்துவிட்டது.

அடுத்து எண்ணத்தக்கது பி.எச். டேனியலின் நூல். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றி, தொழிலாளர் சங்கம் அமைக்கவும் உழைத்தவர் அவர். 1969ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் 2007ஆம் ஆண்டில் தமிழாக்கினார். பாலாவின் ‘பரதேசி’ திரைப்படம் 2013ஆம் ஆண்டில் இதனைத் தழுவியே எழுந்தது. 1920களில் கருப்பனும் வள்ளியும் ஆசை வார்த்தையை நம்பி மலையேறுகின்றனர்; முன்பணம் கடனாகி அவர்களைக் கட்டிப்போடுகிறது; காய்ச்சல் லயம் லயமாகப் புகுந்து ஆட்களை வாரிச் செல்கிறது. மருத்துவரின் கண் இந்நூலுக்கு வாய்த்த பேறு. இறந்தோர் தொகை இங்கு வெறும் எண்ணாக நிற்பதில்லை. காய்ச்சலில் நடுங்கும் உடம்பாக, பெரட்டுக்கு வராத காலியிடமாக நிற்கிறது. சில இடங்களில் கதைமாந்தர் பின்வாங்கி ஆசிரியரின் சான்றுரை முன்வருவது உண்மையே. எனினும் அச்சான்று பிறரால் தரப்படாதது ஆதலின் அதனைக் குறையாகக் கொள்ளல் தகாது. இந்நாவலின் எல்லை வேறொன்று. முதல் தலைமுறையின் வருகையும் சிறைப்பாடுமே இதன் பொருள்; லயத்தில் பிறந்து, லயத்தையே ஊராக அறிந்தோரின் வாழ்வு இதன் வட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

இவற்றோடு ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ நாவலை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். நீலகிரியின் படகர் வாழ்வைக் கூறும் அந்நாவலில், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியே காலத்தின் அளவுகோல். தலைமுறை மாற, தேயிலையும் பணமும் புகுந்து ஊரை மாற்றுகின்றன. அங்கே மாறுவது வாழ்க்கைமுறை. ஊர் எது என்ற ஐயம் எழுவதில்லை. தோட்டத் தொழிலாளிக்கோ அந்த ஐயமே வாழ்வின் நடுப்பொருள். அதனை அளக்கப் பூவின் கணக்கு போதாது. பற்றுச்சீட்டின் கணக்கு வேண்டும்.

நம் நகரத்தார் எழுதியவை

இனி நம் நகரத்தை நோக்குவோம். தமிழ்ப் புனைகதைக்குத் திருவனந்தபுரம் அளித்த கொடை பெரிது. நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரணியல் செட்டிமார் சமூகத்தின் உறவுமுறை, சடங்கு, பேச்சு, பெண்ணுக்கு இழைக்கப்படும் அநீதி யாவும் அதில் வீடு வீடாக எழுதப்பட்டுள்ளன. மக்கள்தொகை அறிக்கையில் ஒரு வரியில் முடிந்துவிடும் சிறு சமூகம் நாவலில் ஒரு பேருலகமாகிவிடுகிறது. உண்ணாமலை ஆச்சியையும் நாகுவையும் அறிந்தவர்க்கு அச்சமூகம் இனி வெறும் எண் ஆகாது. அவரே ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலில் அனந்தன் நாயர் என்னும் மலையாளியை நடுநாயகமாக வைத்து இந்நகரை எழுதினார். அயலவரைத் தமிழ் எழுதவல்லது என்பதற்கு அது சான்று.

ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவைத் தமிழ் இலக்கியத்தின் நிலையான முகவரி ஆக்கினார். அத்தெருவிலேயே கடை நடத்திய அவர், சுமைதூக்கிகளையும் சில்லறைத் திருடர்களையும் வணிகர்களையும் ஒரே தராசில் நிறுத்தார். அவரவர் எடையில் நிறுத்தார். ‘புனலும் மணலும்’ நாவலில் ஆற்று மணல் வாரும் தொழிலாளரைப் படைத்தார்.

கோட்டை, சாலை, ஆற்றங்கரை என்று நம் பேரெழுத்தாளர் வரைந்த நிலப்படம் இது. நகருக்குக் குடிநீரளிக்கும் கரமனையாறு மலையிலிருந்து இறங்குகிறது. அம்மலை மக்களின் கதை நகரத்தின் நூல்களுக்குள் அவ்வாறு இறங்கவில்லை. இதனைக் குற்றமாகக் கூறவில்லை. எழுத்தாளர் தாம் அறிந்ததை எழுதுவர். அறிந்ததை எழுதியதனாலேயே இந்நூல்கள் நிலைத்தன. எனவே மலையூரை எழுத வேண்டியவர் அம்மலையை அறிந்தவர். அவ்வாறு எழுதப்பட்டால் எத்தகைய இலக்கியம் எழும் என்பதற்கு இலங்கையில் முன்மாதிரி உண்டு.

இலங்கை மலையகம் காட்டிய வழி

இலங்கையின் தோட்டத் தமிழர்க்கு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்ற நிலையைத் தந்தது. 1964ஆம் ஆண்டில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, இத்தனை இலட்சம் பேர் அங்கே, இத்தனை இலட்சம் பேர் இங்கே என்று மக்களை எண்ணிப் பங்கிட்டது. எண்ணிக்கை எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அச்சூழலில் எழுந்த மலையக இலக்கியம் ‘நாம் எங்கிருந்து வந்தோம்’ என்பதோடு நில்லாமல் ‘நாம் இந்த மண்ணினர்’ என்று உரைத்தது. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் நாட்டுப்பாடல்களைத் தொகுத்து, அவர்களுக்கு ஒரு பண்பாடு உண்டு என்று நிறுவினார்.

தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ என்னும் சிறுகதையைச் சான்றாகக் கொள்வோம். ஒற்றை அறை லயத்தில் ஒரு குடும்பம் முழுவதும் நெருங்கிக் கிடக்க நேர்வதன் அவலத்தை அக்கதை பேசுகிறது. ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பது கணக்கெடுப்பின் ஒரு கட்டம். கணக்கர் அதில் ஓர் எண்ணை இட்டு அடுத்த வீட்டுக்குச் செல்வார். கதைஞரோ அந்த எண்ணுக்குள் நுழைந்து, இரவில் அவ்வறையில் மானம் படும் பாட்டைக் காட்டுகிறார். மக்கள்தொகையும் சமூக அமைப்பும் இலக்கியப் பொருளாவது எவ்வாறு என்பதற்கு இதுவே தக்க விடை. துன்பக்கேணியில் விரியாமல் நின்ற வெள்ளைச்சியின் வினாவை மலையக எழுத்தாளர் எடுத்து வளர்த்தனர் என்று கூறுதல் பொருந்தும்.

ஊர் எது?

இவ்வினா பொன்முடிக்கும் உரியது. தோவாளை, கல்குளம் பகுதிகளிலிருந்து பொன்முடிப் பக்கம் சென்றவர், திருவிதாங்கூருக்குள்ளேயே ஓரிடம் விட்டு ஓரிடம் மாறியவரே. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெடுமங்காடு கேரளத்தில் நின்றது. அவர்கள் எல்லையைக் கடக்கவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் நூற்றுக்கு ஒன்றரை அளவினர். அவ்வளவில் மலைத்தோட்டத்து லயங்களுக்கும் பங்குண்டு.

அரசுப் படிவங்களோடு வாழும் நம் போன்ற எழுத்தர்க்கு மற்றொன்றும் தெரியும். பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனியானது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாளில் குடும்பம் எங்கே நிலையாகக் குடியிருந்தது என்பதைப் பொறுத்தே சான்றிதழ் அமையும். பிழைப்புக்காக மாநிலம் மாறினால் பழைய மாநிலத்தின் உரிமை புதிய மாநிலத்தில் உடன்வராது என்று உச்சநீதிமன்றம் 1990ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. சாதியின் இழிவு மலையேறும்போது உடன் ஏறிற்று. சாதிச் சான்றிதழ் மட்டும் எல்லையில் நின்றுவிட்டது. பாட்டன் எந்த ஆண்டில் வந்தார் என்பதற்குப் பழைய செக்ரோல் ஏட்டைத் தேடும் பேரனின் கதையை எழுத, இதனினும் பொருள் பொதிந்த கரு கிடைக்குமா?

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. அவர்கள் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். பலர்க்கு முன்னோர் ஊர் தென்பாண்டிச் சீமையின் கயத்தாற்றுப் பக்கம். ஆயினும் அவர்கள் பெட்டிமுடியிலேயே புதைக்கப்பட்டனர். பொன்முடிக்குக் கிழக்கே அதே மலைத்தொடரின் தமிழகப் பகுதியில் உள்ள மாஞ்சோலையில், தலைமுறைகளாக உழைத்த தொழிலாளர்கள் 2024ஆம் ஆண்டில் விருப்ப ஓய்வு என்ற பெயரால் வேலையிழந்து, மலையை விட்டு இறங்க வேண்டிய நிலைக்கு உள்ளாயினர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தேயிலை விலை வீழ்ந்தபோது கேரளத் தோட்டங்கள் பல மூடப்பட்டன. போனக்காட்டு ஆலையும் ஓய்ந்தது. லயத்தை எழுதுவதற்கு முன்பே லயம் இடிந்து விழும் காலம் இது. இலக்கியம் காலந்தாழ்த்தினால் எஞ்சுவது சுற்றுலாப் பலகை ஒன்றே.

நம் கடன்

ஒரு மலைத்தோட்ட நூலைத் திறனாய்வோர் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும் என்பது நம் துணிபு. ஊரின் எல்லா அடுக்கு மக்களும் அதில் உளரா? காணிமக்களும் மலையாளத் தொழிலாளரும் தமிழர்க்குப் பின்புலமாக மட்டும் நிற்கின்றனரா, அல்லது மாந்தராகவே நிற்கின்றனரா? அவ்வடுக்குகளிடையே யார் சொல் செல்லும், யார் சொல் செல்லாது என்பது புலப்படுகிறதா? மலையில் பிறந்தவர்க்கு மலை ஊராகிறதா, அன்றி எங்கோ உள்ள ஓர் ஊருக்கான காத்திருப்பாகவே நிற்கிறதா? இம்மூன்றில் முதலிரண்டுக்குத் தமிழ்ப் புனைகதை ஓரளவு விடை கூறியுள்ளது. மூன்றாவதற்கு இலங்கை மலையகத்தார் கூறிய அளவு நாம் கூறவில்லை.

சங்கத்துக் குடும்பங்களாகிய நமக்கும் இவ்வினா அயலன்று. பள்ளிப் படிவத்தில் ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் தந்தை ஒன்றை எழுதுகிறார். இங்கேயே பிறந்த பிள்ளை வேறொன்றை நினைக்கிறது. நமக்குக் கையில் ஓய்வூதியமும் வங்கியில் சேமிப்பும் கீழே ஒரு வீடும் உண்டு. ஆதலின் அவ்வேறுபாடு நம்மை வருத்துவதில்லை. லயத்துப் பிள்ளைக்கு அதே வேறுபாடு கல்வி, வேலை, குடியிருப்பு யாவற்றையும் தீர்மானிக்கிறது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள் அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. அன்று பொன்முடியில் எத்தனை தலைகள் என்பது ஏட்டில் ஏறும். அத்தலைகளுக்குரிய கதைகளை ஏற்றுவது எழுத்தாளர் கடன். அவ்வெழுத்தாளர் லயத்துப் பள்ளியில் பயின்றவராக இருப்பின் இன்னும் நன்று. நம் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் கட்டுரைப் போட்டியும் கதைப் போட்டியும் நகரத்துப் பள்ளிகளோடு நில்லாமல், விதுரைக்கும் கல்லாற்றுக்கும் மேலே தோட்டத்துப் பிள்ளைகளிடமும் செல்லட்டும். பாட்டி எந்த ஊரிலிருந்து, எவர் கைப்பிடித்து, எந்தப் பாதையில் மலையேறினாள் என்று அவர்கள் எழுதட்டும். அவ்வாறு எழுதப்படும் பத்துப் பக்கங்கள் இம்மலரில் இடம்பெறும் நாளே, பொன்முடி தமிழ் இலக்கியத்தில் ஓர் ஊராகும் நாள்.